வீட்டு நீச்சல் குளத்துக்கு இதமான சூடு: போர்வையா, சூரியப் பாயா, ஹீட் பம்பா, கேஸா?

பல்லடத்துக்கு மேற்கே தோட்டத்து வீட்டில் குளம் கட்டி இரண்டு ஆண்டான ஒருவர், ஆடி மாதத்தில் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்குள் உதடு வெளுத்து மேலேறி வந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். மூட்டுவலியால் அவதிப்படும் தாயாரைத் தினமும் அரைமணி நேரம் தண்ணீரில் நடக்க வைக்கும்படி மருத்துவர் சொன்னதை நம்பிக் குளம் கட்டிய வடவள்ளிக்காரர் ஒருவர், மார்கழியும் தையும் குளம் வீணாகவே கிடக்கிறது என்கிறார். திருப்பூரில் தொழில் செய்துகொண்டு, மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகளில் மட்டும் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பு வீட்டுக்குப் போய்வரும் குடும்பம் ஒன்று, போய்ச் சேரும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வழி கேட்கிறது. மூவரும் கேட்பது, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்ற ஒரே கேள்விதான். மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது என்பதோடு, அவர்களில் ஒருவருக்கு ஹீட்டரே தேவையில்லை என்பதும் என் கருத்து.

ஒப்பீடு காற்றில் மிதக்காமல் இருக்க ஒரு குளத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர், ஆக 40,000 லிட்டர் தண்ணீர். இதை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றுவதற்கு ஏறக்குறைய 46.5 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட், அதாவது கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். உங்கள் குளம் இதில் பாதி என்றால் கீழே வரும் வெப்பம், செலவுக் கணக்குகளை ஏறக்குறையப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், யாருக்காக எத்தனை டிகிரி என்பது. போட்டிக் குளங்களில் தண்ணீரை 25 முதல் 28 டிகிரிக்குள் வைப்பது விதி. வேகமாக நீந்துகிறவர்களின் உடல் தானே சூடேறுவதால் அதற்கு மேல் போனால் அவர்களுக்கு மூச்சு வாங்கும். குடும்பத்தோடு இறங்கி விளையாடுவதற்கு 28 முதல் 30 டிகிரி போதும். சிறு குழந்தைகளுக்கும், மெதுவாக நடந்து பயிற்சி செய்யும் முதியவர்களுக்கும் 31, 32 டிகிரி வேண்டியிருக்கும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், 25 டிகிரிக் காற்றில் சட்டை இல்லாமல் நிற்கும் மனிதர் 25 டிகிரித் தண்ணீரில் நடுங்கிப்போகிறார். நம் ஊரில் குளத்தைச் சூடாக்குவதா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இரண்டாவது, குளத்தில் எத்தனை நாட்கள் இறங்குவீர்கள் என்பது. தினமும் பயன்படும் குளத்தின் சூட்டைத் தக்கவைப்பது ஒரு வேலை. பத்து நாளுக்கு ஒருமுறை பயன்படும் குளத்தைச் சூடேற்றுவது வேறொரு வேலை. முன்னதற்கு நிதானமான கருவி போதும். பின்னதற்கு வேகம் வேண்டும், அல்லது முன்யோசனை வேண்டும்.

மூன்றாவது அளவுகோல் காற்று. விற்பனையாளர்கள் பெரும்பாலும் கேட்காததும், கொங்கு நாட்டில் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பித்தான் பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலையைச் சுற்றும் அதே காற்று உங்கள் குளத்தின் மேல் படிந்த ஈரப்பதத்தையும் துடைத்துக்கொண்டு போகிறது. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாகும் தண்ணீரோடுதான் போகிறது. நம் குளத்தின் மட்டம் ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் இறங்கினால் 192 லிட்டர் தண்ணீர் ஆவியாகியிருக்கும். அதோடு போன வெப்பம் ஏறத்தாழ 130 யூனிட், அதாவது 40,000 லிட்டரை 2.8 டிகிரி குளிர வைக்கப் போதுமானது. பகல் வெயில் இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆடியில் மேகமும் காற்றும் சேர்ந்து வரும்போது அதுவும் குறைந்துபோகும். அதனால்தான் பல்லடத்துக்காரரின் பிள்ளைகள் மார்கழியைவிட ஆடியில் அதிகம் நடுங்குகிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது குளத்துச் சூடு எம்மாத்திரம்.

மட்டம் இறங்குவது ஆவியாலா கசிவாலா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பிக் குளத்தின் முதல் படியில் பாதி மூழ்கும்படி வைத்து, வாளிக்குள் ஒரு கோடும் குளத்துச் சுவரில் ஒரு கோடும் பென்சிலால் போட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் காற்று குடித்தது. குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது. கசியும் குளத்தைச் சூடாக்குவது, ஓட்டைப் பானையில் உலை வைப்பதுதான்.

நான்காவது, தண்ணீரின் தன்மை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் தோட்டங்களில் பெரும்பாலும் கடினநீர்தான். சூடாகச் சூடாகச் சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் படிவதால், சூடாக்கும் கருவியின் உட்சுவரே அதன் முதல் படுக்கையாகிறது. வீட்டுக் கெய்சரின் காயில் வெள்ளையாக ஓடு கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்திரை வைகாசியில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அந்தக் கருவியே குளிர்விக்கவும் உதவுமா என்பதும், தினசரிக் கவனிப்புக்கு வீட்டில் ஆள் உண்டா என்பதும் மீதமுள்ள இரண்டு அளவுகோல்கள்.

## போர்வையும் காற்றுத் தடுப்பும்

இது சூடாக்கும் வழியன்று; இருக்கும் சூட்டைப் போகவிடாத வழி. ஆனாலும் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்று வழிகளின் செலவும் இதைப் பொறுத்தே பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிறது.

என் அப்பாரு காலத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். இடுப்பில் மிதப்பதற்காகச் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மேட்டிலிருந்து தள்ளிவிடுவார்கள். மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரின் மேல் ஆவி பறப்பதைக் காட்டி, "மேல நிக்கறதுக்குத்தான் கண்ணு குளுரு, உள்ள எறங்குனா கதகதன்னு இருக்கும்" என்பார். அவர் சொன்னது சரி. நாற்பது அடிப் பள்ளத்துக்குள் காற்று புகாது. ஆழத்து மண்ணும் பாறையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். தரைமட்டத்தில் நாலு பக்கமும் திறந்து கட்டிய குளத்துக்கு இந்த இரண்டும் கிடையாது. போர்வையும் தடுப்பும் செய்வது, அந்தக் கிணற்றுத்தன்மையில் கொஞ்சத்தைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுப்பதுதான்.

பபுள் கவர் என்று கேட்டால் கிடைக்கும் குமிழிப் போர்வையைக் குமிழிப் பக்கம் தண்ணீரைத் தொடும்படி விரிக்க வேண்டும். ஆவியாதலை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். பொழுது சாய்ந்ததும் மூடி, மறுநாள் இறங்கும்போது எடுத்தால், இரவில் 2 அல்லது 3 டிகிரி இழக்கும் குளம் ஒன்று அல்லது ஒன்றரையோடு நின்றுவிடும். தண்ணீரும் மிச்சம், குளோரினும் மிச்சம்.

காற்றுத் தடுப்பு மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்க வேண்டும். முழுச் சுவர் எழுப்பினால் காற்று மேலேறிச் சுழன்று குளத்துக்குள்ளேயே விழும்; பாதி காற்றை விட்டுப் பாதியை மறிக்கும் ஜாலிச் சுவரோ அடர்ந்த உயிர்வேலியோ அதைவிட நன்றாக வேலை செய்யும். காங்கயத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி பார்க்க அழகுதான், ஆனால் வறட்சியில் இலையுதிர்ந்து குச்சியாகிவிடும். சவுக்கை வைத்தால் அதன் ஊசியிலைகள் வடிகட்டியை அடைக்கும்.

மறைந்த செலவுகள் இதிலும் உண்டு. வெயிலும் குளோரினும் சேர்ந்து போர்வையைச் சில ஆண்டுகளில் நொறுங்க வைக்கும். குமிழிகள் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கத் தொடங்கினால் மாற்றவேண்டியதுதான். சுருட்டும் உருளை இல்லாமல் வாங்கினால் 8 மீட்டர்ப் போர்வையை இழுக்க இரண்டு பேர் வேண்டும், பத்து நாளில் சலித்துப்போய் அது கார் ஷெட்டுக்குப் போகும். எங்கள் தோட்டத்தில் மயில்கள் விடியலில் போர்வையின் ஓரத்தில் ஏறி நடந்து, முதல் ஆண்டிலேயே வரிசையாகக் கீறிவைத்தன. எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை: குமிழிப் போர்வை பாரம் தாங்காது, அதன்மேல் குழந்தை கால் வைத்தால் உள்ளே சுருட்டிக்கொள்ளும், குளத்தில் யார் இறங்குவதானாலும் போர்வையை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

## மொட்டை மாடிச் சூரியப் பாய்

கருநிறப் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்க் குழாய்களைப் பாய்போல் ஒட்டிச் செய்தது இது. குளத்து மோட்டார் தண்ணீரை மாடிக்கு ஏற்றி, பாய் வழியாகச் செலுத்தி, மீண்டும் குளத்துக்கே விடும். கண்ணாடி மூடி தேவையில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது 30 டிகிரித் தண்ணீர். பகல் காற்றே மார்கழியிலும் அதற்கு அருகில் இருப்பதால் பாய் இழக்கும் வெப்பம் குறைவு.

குளத்தின் பரப்பில் முக்கால் பங்கிலிருந்து முழுப்பரப்பு வரை பாய் வேண்டும். நம் குளத்துக்கு 25 முதல் 30 சதுர மீட்டர். தெளிந்த தை மாதப் பகலில் இது நாளொன்றுக்கு ஒன்றரை டிகிரி அளவுக்குச் சூடு சேர்க்கும் என்று கணக்கிடலாம். போர்வையோடு சேர்ந்தால் இரவின் இழப்பை ஈடுகட்ட அதுவே போதும். போர்வை இல்லாவிட்டால் பகலில் சேர்த்ததை இரவில் இழந்து, பங்குனி வரை அதே இடத்தில் நிற்பீர்கள். எரிபொருள் செலவு கிடையாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓட நாலரை யூனிட்டுக்கும் ஐந்து யூனிட்டுக்கும் இடையில் ஆகும், அதில் ஒரு பகுதி வடிகட்டுவதற்காக எப்படியும் ஓடவேண்டியதுதான்.

வீட்டு மாடியில் ஏற்கனவே நிற்கும் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரையே குளத்தோடு இணைத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 60 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரையும் 25 டிகிரியில் இருக்கும் 40,000 லிட்டரில் கொட்டினால், குளம் ஏறுவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. கடலில் பெருங்காயம் கரைத்த கதை.

பாயின் மறைந்த செலவு இடம். மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகையும் வெந்நீர்த் தொட்டியும் குடிநீர்த் தொட்டியும் போக, தெற்குப் பார்த்த நிழலில்லாத 30 சதுர மீட்டர் எல்லா வீட்டு மாடியிலும் இருக்காது. வடகம் காயப்போட இடம் எங்கே என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கும் பதில் வேண்டும். குளம் வீட்டிலிருந்து தள்ளியிருந்தால் குழாயின் நீளமும் மோட்டாரின் திறனும் கூடும். ஆடிக்காற்று பாயைத் தூக்கிவிடாமல் பட்டை போட்டு இறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் வாரக்கணக்கில் பயன் குறையும். இன்று இரவு விருந்தாளி வருகிறார், சூடாக்கு என்றால் ஆகாது.

## ஹீட் பம்ப்

குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிவைத்த மாதிரியான கருவி இது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு முதல் ஆறு யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. குளிர்நாடுகளில் இதன் பெருங்குறையாகச் சொல்லப்படுவது நமக்குப் பொருந்தாது. கோயம்புத்தூரில் மார்கழி நண்பகலிலும் காற்று 29, 30 டிகிரியைத் தொடும். ஆகவே இரவில் ஓட்டாமல், காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை டைமர் போட்டு ஓட்டுங்கள். விடியலில் குளிக்க வேண்டும் என்பதற்காக இரவில் ஓட்டுகிறவர்கள், குளிர்ந்த காற்றிலிருந்து குறைவான வெப்பத்தை அதிக மின்சாரத்துக்கு வாங்குகிறார்கள்.

ஐந்து மடங்கு என்று வைத்தால், நம் குளத்தை ஒரு டிகிரி ஏற்ற ஒன்பதிலிருந்து பத்து யூனிட் மின்சாரம் ஆகும். போர்வையோடு இரவில் ஒன்றரை டிகிரி இழக்கும் குளத்தைத் தினமும் மீட்டெடுக்க 14 யூனிட். போர்வை இல்லாமல் 3 டிகிரி இழந்தால் 28 யூனிட். இந்த வேறுபாடு மின்கட்டணத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிறது. 14 யூனிட் வீதம் 60 நாளைக்கு 840 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 1,000 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். குளத்துக்காகச் செலவாகும் யூனிட் எல்லாம் உங்கள் பட்டியலின் கடைசிப் படியில், அதாவது விலை உயர்ந்த படியில்தான் உட்காரும் என்பதை மறந்து சராசரி விலையில் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். மாடியில் 3 கிலோவாட் சோலார் பலகை வைத்தால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும்; பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்து மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது விதிமீறல், பிடிபட்டால் இணைப்புக்கே மோசம்.

இதன் மறைந்த செலவுகளில் ஒன்றை நான் பட்டு அறிந்தேன். சத்தம் வருகிறது என்று சொன்னதற்கு, பொருத்த வந்தவர் மூன்று பக்கமும் சுவர் வைத்த சிறு அறைக்குள் கருவியை வைத்துவிட்டார். அது வெளியேற்றும் குளிர்ந்த காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நாளெல்லாம் ஓடியும் அரை டிகிரிதான் ஏறியது. இரண்டு மாதக் கட்டணம் வந்தபிறகு சுவரை இடித்தோம். முன்னும் பின்னும் தாராளமாகக் காற்றோட்டம் வேண்டும்.

வெப்பம் மாற்றும் குழாய் டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள். தாமிரத்தைக் குளோரின் அரித்துவிடும். கடினநீர் என்றால் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பைக் கரைத்துக் கழுவும் செலவு உண்டு. பெரிய கருவிகளுக்கு மும்முனை இணைப்பு தேவைப்படும். கருவிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் உடனே பதற வேண்டாம். ஏசிக்கு வெளியே சொட்டுவதுபோல் காற்றின் ஈரம்தான் அது. சந்தேகமிருந்தால் அந்தத் தண்ணீரில் குளோரின் சோதனை போட்டுப் பாருங்கள். குளோரின் இல்லையென்றால் குளத்துத் தண்ணீரில்லை.

வேகம் குறைவு என்பது இதன் உண்மையான குறை. 12 கிலோவாட் வெப்பம் தரும் கருவி ஒரு டிகிரி ஏற்ற நாலு மணி நேரம் எடுக்கும். 24 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போக 24 மணி நேர ஓட்டம், இடையில் இழப்பது தனி.

## கேஸும் விறகும்

40 கிலோவாட் கேஸ் ஹீட்டர் ஐந்து டிகிரியை ஆறு மணி நேரத்தில் ஏற்றிவிடும். வெயில் இல்லை, காற்று குளிர்ந்திருக்கிறது என்ற சாக்கெல்லாம் அதற்குக் கிடையாது. கருவியின் விலையும் ஹீட் பம்பைவிடக் குறைவாகவே வரும். எரிபொருளில்தான் அது திருப்பி வசூலிக்கும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று நம் குளத்தை நாலு டிகிரிக்குச் சற்று மேல் ஏற்றும், அவ்வளவுதான். சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 400 ரூபாய்க்கு மேல். ஹீட் பம்பில் அதே டிகிரி 105 ரூபாய் அளவில் முடிந்துவிடும். வணிகச் சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் நாளில் மாறக்கூடியது. வேகமாக எரிக்கும்போது ஒரே சிலிண்டரால் ஈடுகொடுக்க முடியாமல் அதன் உடலில் பனி படரும். மூன்று நாலை ஒன்றாக இணைத்து, திறந்த வெளியில் கூண்டு கட்டி வைக்க வேண்டும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் மட்டையும் தேங்காய்த் தொட்டியும் (சிரட்டையும்) கிடக்கிறதே, விறகு பாய்லர் போடலாமே என்பார்கள். போடலாம். வெப்பத்தில் பாதி புகையோடு போகும் என்று கணக்கிட்டால், ஒரு டிகிரிக்கு 20 கிலோ தொட்டி வேண்டும். ஐந்து டிகிரிக்கு 100 கிலோ, அதோடு நாளெல்லாம் பக்கத்தில் நின்று தள்ளிவிட ஓர் ஆள். கரி சுடுகிறவர்கள் தொட்டியைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் அதை இலவசம் என்று எண்ண முடியாது.

மின்கம்பி ஹீட்டரைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு டிகிரிக்கு 46.5 யூனிட் மின்சாரம், 500 ரூபாய்க்கு மேல்.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு டிகிரி ஏற்ற ஆவது | வேகம் | கோடையில் குளிர்விக்குமா | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| போர்வை, காற்றுத் தடுப்பு | ஏற்றாது. இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் | – | இரவில் எடுத்துவைத்தால் குளிரும் | உருளை, சில ஆண்டுக்கொருமுறை புதுப் போர்வை |
| சூரியப் பாய் | மோட்டார் மின்சாரம் மட்டும் | வெயில் நாளில் ஒன்றரை டிகிரி | இரவில் ஓட்டினால் ஆகும் | மாடி இடம், குழாய் நீளம் |
| ஹீட் பம்ப் | 9 முதல் 10 யூனிட் | நாலு மணி நேரத்தில் ஒரு டிகிரி | சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் இருவழிக் கருவியானால் ஆகும் | உயர்படிக் கட்டணம், சுண்ணாம்பு |
| கேஸ் | 4.3 கிலோ | ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு டிகிரி | ஆகாது | சிலிண்டர் வரிசை, விலை மாற்றம் |

## யாருக்கு எது

பல்லடத்துக்காரருக்கு ஹீட்டர் வேண்டாம் என்பேன். அவருடைய பிள்ளைகள் மார்கழியில் சமாளித்துவிடுகிறார்கள், ஆடியில்தான் நடுங்குகிறார்கள். ஆகவே அவருடைய பகை குளிர் அல்ல, காற்று. மேற்கே ஆளுயர ஜாலிச் சுவரும், உருளையோடு ஒரு போர்வையும் போட்டு ஓர் ஆடியைக் கடந்து பார்க்கட்டும். அப்படியும் இரண்டு டிகிரி போதவில்லை என்றால் மறு ஆண்டில் சூரியப் பாயைச் சேர்க்கலாம். முதலிலேயே பெரிய ஹீட் பம்ப் வாங்கியிருந்தால், ஆடிக்காற்றுக்குச் சூடு ஊட்டியிருப்பார்.

வடவள்ளித் தாயாருக்கு 31, 32 டிகிரி வேண்டும், தினமும் வேண்டும், ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் மூட்டு காட்டிக்கொடுக்கும். சூரியப் பாயால் இந்த உறுதியைத் தர முடியாது. ஹீட் பம்பும் போர்வையும்தான் வழி. தாயார் நடக்கும் நேரத்தை விடியலிலிருந்து மாலை நாலு மணிக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். குளம் நாளின் உச்சச் சூட்டில் இருக்கும் நேரம் அது. மேலேறி வரும்போது ஈர உடம்பில் படும் காற்றும் கதகதப்பாக இருக்கும். நேரத்தை மாற்றினாலே ஒரு டிகிரி மிச்சமாகும், அதற்குக் காசு இல்லை. ஆனால் சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் தீரும், பாசியும் சீக்கிரம் பிடிக்கும். 32 டிகிரியில் வைக்கும் குளத்தில் குளோரினையும் பி.எச். அளவையும் தினமும் சோதிப்பது கட்டாயம்.

திருப்பூர்க் குடும்பம் கேஸ்தான் வேண்டும் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது. எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்குக் கேஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் போவது முன்கூட்டியே தெரிந்த வாரக் கடைசிகளில். தோப்பில் குடியிருக்கும் ஆளுக்கு வியாழக்கிழமை காலையில் ஒரு போன் போட்டு ஹீட் பம்பை (இந்த முறை இரவிலும்) ஓடவிட்டுப் போர்வையை மூடச் சொன்னால், வெள்ளி இரவு அவர்கள் போய்ச் சேரும்போது ஐந்து டிகிரி ஏறியிருக்கும். அதற்கு ஆவது 500 ரூபாய் அளவு மின்சாரம். அதே ஐந்து டிகிரிக்குக் கேஸ் 2,000 ரூபாயைத் தாண்டும். குளிர் மாதங்கள் நாலில் எட்டு வாரக் கடைசி என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வேறுபாடு. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகளோடு போய் இறங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் கேஸின் வேகம் அந்த விலைக்குத் தகும்.

## சித்திரை வந்தபின்

இவ்வளவும் குளிர்ப் பக்கத்துக் கதை. ஈரோடு, கரூர்ப் பக்கம் குளம் வைத்திருப்பவர்களின் தொல்லை வேறு. சித்திரை வெயிலில் ஆழமில்லாத குளம் 33, 34 டிகிரிக்குப் போய், இறங்கினால் ஏறத் தோன்றாத மந்தத்தையும் கூடவே பாசியையும் கொண்டுவரும். மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் போர்வையைச் சுருட்டி நிழலில் வைத்துவிடுங்கள். மறந்து மூடிவைத்தால் அதுவே அடுப்பாகும். பச்சை நிழல்வலை கட்டுவது மலிவான வழி. குளத்தில் நீரூற்றோ சிறு அருவியோ இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் ஓடவிடுங்கள், குளிர்காலத்தில் எதிரியாக இருந்த அதே ஆவியாதல் இப்போது கூலியில்லாமல் வேலை செய்யும். சூரியப் பாய் வைத்தவர்கள் பகலில் அதை அடைத்துவிட்டு, இரவு பதினொன்று முதல் விடியல் ஐந்து வரை மோட்டாரை ஓட்டினால், பகலில் வெயிலை வாங்கிய அந்தக் கருநிறப் பாயே தெளிந்த வானத்துக்குச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு டிகிரி குறைந்த குளத்தை உங்களுக்கு விட்டுவைக்கும்.